படைத்ததோ என்று கேட்ட வாய்

அன்புள்ள தம்பி,

நீ என் போனை எடுப்பதில்லை. அப்பாவின் போனை எடுக்கிறாய். மண்டபத்துக் கதிரை, பூமாலை, கார் என்று அவரோடு பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தால் வைத்துவிடுகிறாய். "கொஞ்ச நாளைக்கு விடும், அவன்ரை கோவம் ஆறட்டும்" என்கிறார் அப்பா. உன் கோபத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அது என்னிடமிருந்து உனக்கு வந்தது. லேசில் ஆறாது, மேலே சாம்பல் பூத்து உள்ளே கனன்றுகொண்டு கிடக்கும். ஆகவேதான் எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் நடுவில் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனையைத் தேடி எடுத்தேன்.

ஆவணி பிறந்தால் உன் கலியாணம். வெள்ளிக்கிழமை இங்கே பீலெஃபெல்ட்டில், நம்முடைய தேவாலயத்தில். ஞாயிற்றுக்கிழமை எசனில், தர்சினி வீட்டார் எடுத்த மண்டபத்தில், ஐயர் வந்து, பிள்ளையாருக்குப் படைத்து, தாலி கட்டி, பந்தி வைத்து. பெண் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த அன்று, வாசலில் காரை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீ சொன்னாய்: "பந்தியிலை இருந்து சாப்பிடுறதெண்டா ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அம்மா. இல்லையெண்டா வெள்ளிக்கிழமையோடை நில்லுங்கோ." நான் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். போய்ச் சாப்பிட்டால் உன் ஞானத்தாய் றெஜினா அக்காவுக்குத் துரோகம். போகாவிட்டால் பெற்ற பிள்ளைக்குத் துரோகம். உனக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். முதலாவதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் காலம். எசனில் காருக்குக் கார் கொடி, பால்கனிக்குப் பால்கனி கொடி. நீ ஓட்ட, அப்பா முன்னால். நானும் றெஜினா அக்காவும் பின்னால், நாங்கள் கொண்டுபோன பழத்தட்டு அக்காவின் மடியில். வழி முழுக்க நான் வாய்க்குள் முணுமுணுத்ததைப் பார்த்துச் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, பாடமாக்கிக்கொண்டு வந்தேன். கேட்காதே, எடு, சாப்பிடு, நன்றாயிருக்கிறது என்று சொல்லு. இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகூட அவ்வளவு பாடமாக்காது.

தர்சினியின் அம்மா மோதகம் கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது. வயதில் மூத்தவர் என்று தட்டை முதலில் றெஜினா அக்காவிடம் நீட்டினார். அக்கா கையை நீட்டினார். நீட்டிய கை தட்டுக்கு மேலே நிற்க, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். பாடமாக்கிய அத்தனையும் பறந்துவிட்டது. "இது படைச்சதோ?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனுசிக்குக் கள்ளம் தெரியாது. முகம் மலர்ந்து சொன்னார்: "ஓம் அக்கா, இப்பதான் பிள்ளையாருக்குப் படைச்சனான். உங்களுக்கெண்டுதான் விடிய எழும்பி அவிச்சது." அக்காவின் கை பின்னால் போனது. என் கை எழும்பவே இல்லை. தட்டு நடுவில் நின்றது. அப்பா மட்டும் இரண்டு எடுத்து, "நல்ல மோதகம்" என்றார், யாரோ கேட்டதுபோல. தர்சினி உன்னைப் பார்த்தாள். அவளுடைய அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டு வந்து எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார். கடையில் வாங்கியது, யாருக்கும் படைக்காதது என்று நாங்கள் காண வேண்டும் அல்லவா? அந்தப் பிஸ்கட்டில் ஒன்றை நான் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பிஸ்கட் சாப்பிட்டதில்லை, இனியும் வேண்டாம்.

கேட்காதே என்ற பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். சமயபாட ஆசிரியராகப் போகிறேன் என்று மூன்ஸ்டருக்குப் படிக்கப் போன காலம். சனிக்கிழமைகளில் உடுப்பு மூட்டையோடு வருவாய், நான் தோய்த்துக்கொண்டிருக்க, குசினி மேசையில் இருந்து வகுப்பில் பேச வேண்டிய உன் ரெஃபராட்டைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாய். பாதி ஜேர்மன், பாதி தமிழ், மிச்சம் கை. "ஆதித் திருச்சபையிலை பெரிய சண்டை எதுக்கு வந்தது தெரியுமோ அம்மா?" என்று கேட்டாய். மூவொரு கடவுளுக்கு என்றேன். உபதேசியாரின் மகள் அல்லவா, விடை தயாராக இருந்தது. "அது பிறகு. முதல் சண்டை சாப்பாட்டுக்கு" என்றாய். நான் சிரித்தேன். நம்முடைய சங்கங்களில் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

பிறகு நீ சொன்ன கதையில் எனக்குச் சிரிப்புப் போய்விட்டது. கொரிந்து என்ற துறைமுகப் பட்டணம். அங்கே சந்தையில் தொங்கும் இறைச்சியில் பாதி கோயில் பலிபீடத்திலிருந்து வந்தது. ஏழைகளுக்கு இறைச்சி கிடைப்பதே கோயில் திருவிழாவில்தான். வசதியானவர்கள் கலியாணம், பிறந்தநாள் என்றால் கோயிலோடு ஒட்டிய சாப்பாட்டு அறையில் விருந்து வைப்பார்கள், இன்ன தெய்வத்தின் மேசைக்கு வாருங்கள் என்று சொல்லி அழைப்பார்கள். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவன் என்ன செய்வான்? போகாவிட்டால் சொந்தமும் இல்லை, தொழிலும் இல்லை. போனால் மேசை யாருடையது? எருசலேமில் மூத்தவர்கள் கூடி, படைத்ததைத் தொடாதீர்கள் என்று எல்லாருக்கும் எழுதிவிட்டார்கள். அப்போஸ்தலர் சின்னப்பர், பவுல் என்று மற்றச் சபைக்காரர் சொல்வார்களே, அவர் கொரிந்து ஆட்களுக்கு எழுதியபோது கொஞ்சம் இளக்கினார். சிலை ஒன்றுமில்லை, இறைச்சி இறைச்சிதான். சந்தையில் வாங்கினால் விசாரிக்காதே, அழைத்த வீட்டில் வைத்தால் விசாரிக்காமல் சாப்பிடு. "இவ்வளவுதான் அம்மா. கேக்காமச் சாப்பிட்டாச் சரி" என்றாய். நீ அப்போதே தர்சினியைக் கண்டுவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆதித் திருச்சபை என்று ஆரம்பித்து நீ எனக்குக் கதவு வெட்டிக்கொண்டிருந்தாய். கெட்டிக்காரன்தான்.

ஆனால் தம்பி, உன் ரெஃபராட்டில் நீ அவசரப்பட்டாய். நீ விட்டுப்போன புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நான் மிச்சத்தையும் படித்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இயந்திரம் சுற்றும் நேரத்தில் வேறு என்ன வேலை? சின்னப்பர் அதோடு நிறுத்தவில்லை. ஒருவர், இது படைத்தது என்று உனக்குச் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்கிறார். உன் மனச்சாட்சிக்காக அல்ல, மற்றவரின் மனச்சாட்சிக்காக. நீ பலமுள்ளவன், உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலவீனமான சகோதரன் இடறி விழுந்தால் அவனுக்கு நீ பொறுப்பு. அப்படி விழுத்துவதைவிட வாழ்நாள் முழுக்க நான் இறைச்சியே தொடமாட்டேன் என்கிறார். நீ எனக்கு வெட்டிய கதவை அவர் அடுத்த பக்கத்திலேயே பூட்டிவிட்டார். ஏனென்றால் எனக்குப் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு சகோதரி இருந்தார். அவரைப் பலவீனமாக்கியவள் நானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஹைம் கதைக்கு வருகிறேன். ஜேர்மனிக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அந்த அகதி விடுதியைப் பற்றி நீ பலமுறை கேட்டிருக்கிறாய், நான் சிரிப்பான கதைகளை மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒரு மாடிக்கு ஒரு குசினி. வேலைக்குப் போக அனுமதியில்லை, படிக்க அனுமதியில்லை. அரசாங்க அலுவலகம் எழுதித் தராமல் மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட முடியாது, அடுத்த பட்டணத்துத் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கும்கூட. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு குடும்பம் எங்கள் அறையில் கூடும். கட்டிலில் ஆண்கள், நிலத்தில் பெண்கள், மேசையில் மடு மாதா படம். குரு இல்லை. உபதேசியாரின் மகள் என்பதால் நான் செபம் சொல்லுவேன். ஆதிக் கிறிஸ்தவர்களும் இப்படி வீடுகளில்தான் கூடினார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த அறையின் நாற்றம்தான் ஞாபகம் வந்தது, ஈரச் சப்பாத்தும் ரேடியேட்டரில் காயும் துணியும். உங்கள் பேராசிரியர்கள் அதைப் பற்றி எழுதும்போது எவ்வளவு வெளிச்சமாக எழுதுகிறார்கள். அப்படி ஒரு அறையில் செபம் சொல்பவளுக்கு வருகிற தலைக்கனத்தைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இல்லை. என்னைவிட மூத்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து இது பாவமோ, அது பாவமோ என்று கேட்பார்கள். நான் சொல்லுவேன். தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் றெஜினா அக்காவும் ஒருவர். மன்னாரில் பதினைந்து வயது மகனைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். அடுத்த அறையில் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் ஒன்று இருந்தது. தைப்பொங்கலுக்கு அந்த அக்கா பொதுக் குசினியில் பொங்கி, ஜன்னலில் சூரியனுக்குப் படைத்து, எல்லா அறைக்கும் கொண்டு வந்து கொடுத்தார். பாணும் வெண்ணெய்க்கட்டியும் தின்று நாக்குச் செத்துப்போன காலம். றெஜினா அக்கா கோப்பையை வழித்துச் சாப்பிட்டார், விரலையும் விடவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே செய்தி வந்தது. கடலுக்குப் போன இடத்தில் மகன் குண்டு பட்டுப் போய்விட்டான். பிரேதம் பார்க்கப் போக ஏலாது. போனால் திரும்பி வர ஏலாது. அடுத்த நகரத்துக்கே விடாதவர்கள் மன்னாருக்கா விடுவார்கள்? விடுதியின் அந்த நீட்டு நடைக்கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அக்கா நடந்துகொண்டே இருந்தார். கூண்டில் அடைத்த மிருகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

பிறகு ஒருநாள் என் அறைக்கு வந்து கேட்டார், "நான் படைச்சதைச் சாப்பிட்டதாலையோ பிள்ளை?" என்று. அப்போது நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சொல். இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அழாதேங்கோ அக்கா, மாதா மன்னிப்பா. இனிமேல் சாப்பிடாதேங்கோ" என்றேன். ஆறுதல் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். மன்னிப்பு என்று சொன்னதுமே குற்றம் உறுதியாகிவிட்டது என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருசம் பிடித்தது. விளங்கிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று திறப்பது? அன்றைக்கு நான் சும்மா சொன்னேன், உங்கள் பிள்ளை வீணாகத்தான் போனான், நீங்கள் இவ்வளவு காலமும் வாயைக் கட்டியதும் வீண் என்றா? குற்றம் என்று ஒன்று இருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது, அதையும் பறிப்பதா என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவருக்குத் துணையாக நானும் விட்டேன். அவர் சாப்பிடாததை அவர் முன்னால் நான் எப்படிச் சாப்பிடுவது? பிறகு நீ பிறந்தாய், ஞானஸ்நானத்தில் அவர் உன்னைக் கையில் ஏந்தி ஞானத்தாய் ஆனார். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் நீ அவர் மடியில்தான். ஆகவே உனக்கும் அந்தச் சட்டம் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதிக்குப் படைக்கும் வாணி விழாவில் எல்லாப் பிள்ளைகளும் அவலும் கடலையும் அள்ளித் தின்ன, நீ மட்டும் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் தருவாய். நான் பால்கனியில் புறாக்களுக்குப் போடுவேன். இந்தத் தெருப் புறாக்கள் எல்லாம் இப்போது பாதிச் சைவம். ஒருமுறை நீ கேட்டாய், "புறாவுக்குப் பாவம் இல்லையோ அம்மா?" என்று. உன் கடதாசி எப்போதும் கொஞ்சம் இளைத்துத்தான் வரும், நீ வழியில் தின்றிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அப்பாவோ வெளியில் எங்கே என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. சின்னப்பர் சொன்ன வழியில் படிக்காமலே நடந்த ஒரே ஆள் அவர்தான்.

செபக் கூட்டம் வளர்ந்தது. ஹைமை விட்டு எல்லாரும் வீடு எடுத்தோம், விசா வந்தது, குடியுரிமையும் வந்தது. எல்லை எல்லாம் போய்விட்டது. இப்போது நினைத்தால் பாரிசுக்குப் போகலாம், லூர்து மாதாவிடம் போகலாம். ஆனால் ஒரு மோதகத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் உலகமும். புதிதாகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் இது சட்டம் என்று ஆகிவிட்டது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். நான் யாரைக் காட்டுவது? கட்டியவளே உள்ளே அகப்பட்டுக்கொண்டாள்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு அந்தப் புத்தகத்தில் அடுத்த பகுதியையும் படித்தேன். பிற்காலத்தில் ஒரு ரோமச் சக்கரவர்த்தி, எல்லாரும் பலி கொடுத்து அந்த இறைச்சியை வாயில் வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆணை போட்டானாம். மறுத்தவர்களுக்குச் சிறை, சிலருக்குச் சாவு. பயந்து ஒரு வாய் தின்றவர்கள் பிறகு தேவாலய வாசலில் அழுதுகொண்டு நின்றார்களாம், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. சேர்க்கலாமா கூடாதா என்று ஆயர்கள் தங்களுக்குள்ளே பிரிந்தார்கள். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாய்க்காக உயிரை விட்டவர்களின் பெயரையல்லவா நாங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்? அவர்கள் மறுத்ததை நான் எசனில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதா? இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். பிறகு இயந்திரத்திலிருந்து துணியை இழுக்கும்போது வேறொன்று பட்டது. அந்தச் சக்கரவர்த்தி கொடுத்தது கர்த்தரை மறுதலிப்பதற்காக. தர்சினியின் அம்மா கொடுத்தது தன்னிடம் இருந்ததில் நல்லது அதுதான் என்பதற்காக. இரண்டும் படைத்ததுதான். ஆனால் ஒன்றில் கத்தி இருந்தது, மற்றதில் தேங்காய்ப்பூவும் பயறும் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது, பார்.

ஆனாலும் அக்கா இருக்கிறாரே. கடைசியில் போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். உன் கலியாணத்துக்குத் தூள் இடிக்கவென்று மல்லி வறுத்துக்கொண்டிருந்தார். குசினி ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது, இல்லாவிட்டால் கீழ்வீட்டு மனுசி மணியடிப்பாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்டைக்கு நான் கேக்காமல் இருந்திருந்தா நீங்கள் அந்த மோதகத்தை எடுத்திருப்பியளோ அக்கா?" என்றேன்.

அக்கா அகப்பையை விடவில்லை. "எடுக்கத்தானே கையை நீட்டினனான்."

"அப்ப ஏன் என்ரை முகத்தைப் பார்த்தனீங்கள்?"

"நீ தாங்குவியோ எண்டு பார்த்தனான்."

எனக்கு விளங்கவில்லை. அன்று ஹைமில் நான் சொன்னதை நம்பித்தானே இவ்வளவு காலமும் தொடாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். நான் சொன்னது பிழை, உங்கள் பிள்ளை போனதற்கும் பொங்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருசமாகக் கட்டி வைத்திருந்ததை அடுப்படியில் நின்று கொட்டிவிட்டேன். அக்கா அப்போதுதான் அடுப்பைக் குறைத்தார்.

"முதல் கொஞ்சக் காலம் நம்பினனான் பிள்ளை. பிறகு நம்பேல்லை. ஒரு பிடி பொங்கலுக்காக என்ரை பிள்ளையை எடுக்கிற ஆண்டவரெண்டா, நான் இவ்வளவு காலமும் ஆரோடை கதைச்சுக்கொண்டு இருந்தனான்? ஆனா நீ எனக்காக எண்டு வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாய். உன்ரை பிள்ளைக்கும் குடுக்கேல்லை. பிறகு நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

மல்லி கருகிவிட்டது. கீழ்வீட்டு மனுசி மணியடித்தாள். அக்கா போய்க் கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, கருகியதைக் குப்பையில் கொட்டினார். பிறகு, "அந்த மோதகம் நல்லாத்தான் இருந்திருக்கும். உன்ரை மனுசன் ரெண்டு தின்னேக்கை பார்த்தனான்" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய எனக்கு அழுகை வந்தது. அவர் பலவீனம் என்று நான் அவருக்காக விட்டேன். நான் பலவீனம் என்று அவர் எனக்காக விட்டார். கொரிந்து ஆட்களுக்கு இப்படி ஒன்று நடந்ததாக உன் புத்தகத்தில் இல்லை. கதவு பூட்டியிருந்ததென்றால் பரவாயில்லை, சிறையிருந்தோம் என்று மனதை ஆற்றலாம். அது சும்மா சாத்தித்தான் கிடந்தது என்று தெரிந்த பிறகுதான் உள்ளே இருந்த காலமெல்லாம் வலிக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது, ஆனாலும் தாய் என்ற உரிமையில் சொல்கிறேன். கலியாணம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மண்டபத்தில் வருகிற எல்லாரும் உன் காதில் ஓதுவார்கள். விட்டுக்கொடு, நல்லதுதான். ஆனால் தர்சினிக்காக ஒன்றை விடுமுன் அவளிடம் கேள், உனக்கு இது உண்மையிலேயே வேண்டுமா என்று. அவளுக்கு இது பிடிக்காது, அவள் தாங்கமாட்டாள் என்று நீயே முடிவு கட்டி, ஒன்றையும் சொல்லாமல் தியாகம் பண்ணாதே. அவளும் அதையே உனக்குச் செய்துகொண்டிருப்பாள். இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருந்து ஒருவரை ஒருவர் கட்டிப்போடுவீர்கள். அவள் அழுதுகொண்டு வந்து, என்னாலா இது நடந்தது என்று கேட்டால், தத்துவம் சொல்லாதே, மன்னிப்புப் பற்றிப் பேசாதே. இல்லை என்று சொல்லு. நீ ஆசிரியராகப் போகிறவன், பிள்ளைகள் உன்னிடம் வந்து பாவமோ என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லவும் பழகு. நான் கேட்கக் கூடாத இடத்தில் கேட்டேன். கேட்க வேண்டிய ஆளிடம் இத்தனை வருசமாகக் கேட்கவில்லை. என் பிழை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். அக்காவும் வருவார். செபக் கூட்டத்தில் சிலர் இனி வராமல் விடலாம், அவர்களுக்கும் ஒவ்வொருவராக நானே போய்ச் சொல்ல வேண்டும். அது என் பாடு. எனக்கு எல்லாம் லேசாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதே. இத்தனை வருசம் மூடிப் பழகிய வாய், சொன்னவுடன் திறக்காது. பந்தியில் என் கை தயங்கினால் காணாததுபோல் இரு.

தர்சினியின் அம்மாவிடம் நான் நேரே பேசி மன்னிப்புக் கேட்பேன், அதற்கு நீ நடுவில் வர வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் நீ அவரிடம் சொல்லு. எங்களுக்காக என்று தனியாக ஒன்றும் எடுத்து வைக்க வேண்டாம். பேசாமல் இலையில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். கேளாமல் சாப்பிடும் அந்தப் பின்கதவால் நான் வரமாட்டேன். மோதகம் வைக்கும்போது, இது படைத்தது அக்கா என்று எங்களுக்குக் கேட்கச் சொல்லியே வைக்கட்டும். முதலில் றெஜினா அக்காவின் இலையில் வைக்கச் சொல்லு. அன்றைக்குப் பாதி வழியில் திரும்பிய கை அவருடையது.

உன் அம்மா